பதினைந்து நிமிடப் பேஸ்ட்ரியும் மேம்பாலத்து வெயிலும்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையோரத்தில், மலையடி ஊர் ஒன்றில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் நேமிநாதன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அச்சகத்தில் வேலை செய்கிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை வேண்டிய அளவு பெய்தது. கொல்லையில் மல்லாட்டைச் செடி நன்றாக இருக்கிறது. மாடு நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் ஒருவரும் நன்றாக இல்லை. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகை என்பதால் இந்தக் கடிதம்.

நான் பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போனவன் இல்லை. எழுதிப் பழகியதெல்லாம் மூட்டையின் மேல் பேர் எழுதித்தான். அதனால் எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும், காகிதமும் அதிகம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் ஒன்றுதான். தங்கள் பத்திரிகையில் ‘வெண்ணெய் குறைத்த இலேசான பழப் பேஸ்ட்ரி, வீட்டிலேயே செய்யலாம்’ என்று ஒரு சமையல் குறிப்பு வந்தது. அதன் தலைமாட்டில் கடிகாரப் படம் போட்டு, ‘தயாரிக்கும் நேரம் பதினைந்து நிமிடம்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஐயா, அது பொய். அந்தப் பொய்யால் என் கூடப் பிறந்த ஒரே அக்கா என் வீட்டில் கை நனைக்காமல் போய்விட்டாள். அடுத்த இதழில் அதே இடத்தில், அதே அளவு கடிகாரம் போட்டு, சரியான நேரத்தைத் திருத்திப் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. ஏன் என்பதை இனிமேல் சொல்கிறேன்.

நாங்கள் சமணர்கள். ஊரில் எங்களை நயினார் என்பார்கள். சமணர் என்றால் வடக்கேயிருந்து வந்தவர்கள் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாசம் திண்டிவனத்தில் ஒரு போன் கடைப் பையன் என் பேரைக் கேட்டுவிட்டு என்னிடம் இந்தியில் பேச ஆரம்பித்தான். நான் அவனிடம், ‘தம்பி, உங்க தாத்தனுக்குத் தாத்தன் இந்த ஊருக்கு வரும்போது எங்க தாத்தன் கொல்லைல மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தாரு, தமிழ்லயே சொல்லு’ என்றேன். அவன் அப்புறம் தமிழில் ஏமாற்றினான். அது இருக்கட்டும். எங்களுக்கு முட்டை ஆகாது, தேன் ஆகாது, கிழங்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, பொழுது சாய்ந்துவிட்டால் வாயில் எதுவும் போடக்கூடாது. இருட்டில் பூச்சி பொட்டு கண்ணுக்குத் தெரியாது, தெரியாமல் ஓர் உயிரைத் தின்றுவிடக்கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் வைத்தது. இந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகள் சிலர் மெட்ராசில் போய் எப்படி எப்படியோ இருக்கிறார்கள். என் அக்கா அனந்தமதி அப்படி இல்லை. விழுப்புரத்தில் இருக்கிறாள். அவள் சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளித்தால் தெருவில் இருப்பவர்கள் விளக்கு போடலாம்.

என் மகன் ஜீவராஜ் கல்யாணத்தில்தான் வினை வந்தது. சாயந்திரப் பந்திக்கு எல்லாம் தயாராக இருந்தது. போட்டோக்காரர் ஒருத்தர் வந்திருந்தார். பெண்ணை இப்படித் திரும்பச் சொல்லி, மாப்பிள்ளையை அப்படிச் சிரிக்கச் சொல்லி, அத்தை முறை எல்லாம் வாங்க, மாமன் முறை எல்லாம் வாங்க என்று அக்காவை மேடையிலேயே பிடித்து வைத்துக்கொண்டார். அவள் இறங்கி வந்து உட்கார்ந்து, இலையில் சோறு விழவும், மண்டபத்து ஜன்னலில் வெளிச்சம் போகவும் சரியாக இருந்தது. அக்கா இலையை மூடினாள். எழுந்தாள். என்னைப் பார்த்து, “பொறந்த வூட்டுக் கல்யாணத்துல பட்டினியா போறேன்டா நேமி. இனிமே உன் வூட்டுல கை நனைக்க மாட்டேன்” என்றாள்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. ஒருத்தர் வீட்டில் கை நனைக்கவில்லை என்றால் அந்த வீட்டோடு உறவு இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு அக்கா வருவாள், போவாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். பையிலிருந்து சொந்தத் தண்ணி பாட்டிலை எடுத்து எங்கள் கண் எதிரில் குடிப்பாள். அந்தத் தண்ணி அவள் தொண்டையில் இறங்குகிற சத்தம் என் வயிற்றில் கேட்கும். அப்பா இல்லை, அம்மா இல்லை. இந்த உலகத்தில் என்னை ‘டேய்’ என்று கூப்பிட அவள் ஒருத்திதான் பாக்கி. அவள் என் வீட்டுச் சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டால் போதும், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

இந்த நிலையில்தான் என் மருமகள் பத்மப்ரியா ஒரு துப்பு கொடுத்தாள். அவள் என் அக்காவோடு பாண்டிச்சேரிக்குப் போயிருந்தபோது ஒரு கேக் கடையில், கண்ணாடிக்குள் பழம் வைத்த பேஸ்ட்ரியை அடுக்கி வைத்திருந்தார்களாம். “பெரியத்தை அதைப் பாத்துக்கினே நின்னாங்க மாமா. முட்டை போட்டிருக்குதானு கேட்டாங்க. ஆமான்னான். வெண்ணெய் நெறைய இருக்குதானு கேட்டாங்க. அதுதான்மா ருசியேன்னான். பெரியத்தைக்குத்தான் ரத்தத்துல கொழுப்புனு டாக்டர் வெண்ணெய் கூடாதுன்னுட்டாரே. பஸ் ஏறுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு வந்தாங்க” என்றாள். அதே வாரம் தங்கள் பத்திரிகை வருகிறது. முட்டை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்கிறது. வெண்ணெய் குறைவு என்கிறது. பழம் என்கிறது. பதினைந்து நிமிடம் என்கிறது. தெய்வமே இறங்கி வந்து சமையல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது என்று நினைத்தேன் ஐயா.

அக்கா ஒரு நாள் மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போகிறாள், திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள் என்று செய்தி வந்தது. “வருவேன், உக்காருவேன். வேற ஒண்ணும் கெடையாது” என்று போனிலேயே கண்டிஷன். என் சம்சாரம் குசுமா, “பதினஞ்சு நிமிஷம்தானே, மத்தியானத்துக்கு மேல ஆரம்பிச்சாகூட அண்ணி வர்றப்ப சுடச்சுட எடுத்துடலாம்” என்றாள். காலையில் செய்து வைத்து ஆறிப்போனதைக் கொடுத்தால் அதற்கும் ஒரு குறை வரும். அதனால் அப்படியே முடிவாயிற்று. நாங்கள் செய்த தப்பு அதுதான். அச்சில் வந்ததை நம்பினோம்.

அன்னாசிப்பழம் வாங்க என்னைத் திண்டிவனம் அனுப்பினார்கள். பழம் வாங்குவது சீக்கிரம் முடிந்தது. பழத்தோடு வருவதுதான் பாடு. பஸ்ஸில் நிற்க இடம் இல்லை, பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன், அதன் கொண்டை முன்னால் இருந்தவர் கழுத்தில் குத்திவிட்டது. அவர் திரும்பினார். “இன்னா பெருசு, பழத்தை வெச்சுக்கினு சுரண்டறே?” என்றார். நான் மன்னிப்பு கேட்டு இந்தப் பக்கம் திருப்பினேன், இந்தப் பக்கம் ஓர் அம்மாவின் முந்தானையில் மாட்டிக்கொண்டது. அதைப் பிரிப்பதற்குள் என் ஊர் போய் அடுத்த ஊர் வந்துவிட்டது. வெயிலில் நடந்து வந்தேன். நடக்கும்போதே மேற்கே பார்த்துக்கொண்டு வந்தேன். சூரியன் உச்சியை விட்டு இறங்கியிருந்தான். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை ஐயா.

வீட்டுக்கு வந்தால் குசுமா மைதாவைச் சலித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் மாவைச் சலிப்பது என்றால் சும்மா சலிப்பது இல்லை. வாசல் வெயிலில் முறத்தில் பரப்பி, விரலால் நீவி நீவிப் பார்க்க வேண்டும். ஒரு வண்டு வந்தது. அதை ஓர் இலையில் ஏற்றி, வேப்பமரத்தடிக்குக் கொண்டு போய், எறும்பு இல்லாத இடமாகப் பார்த்து இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். இன்னொரு வண்டு வந்தது. அதற்கும் ஓர் இலை, அதற்கும் ஒரு நடை. நான், “ஏ குசுமா, ரெண்டு மூணு சேர்ந்தப்புறம் ஒரே நடையா கொண்டு போயேன்” என்றேன். “அதுவரைக்கும் அதுங்க எங்க நிக்கும்? பஸ் ஸ்டாண்டா இது?” என்றாள். எனக்கு வண்டு மேல் கோபம் இல்லை. தங்கள் குறிப்பில் வண்டுக்கு நேரம் ஒதுக்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் பத்மப்ரியா குறிப்பை உரக்கப் படித்தாள். மைதாவும் கோதுமை மாவும் பாதிப் பாதி, ஒரு கரண்டி தயிர், வெண்ணெய் கொஞ்சமே கொஞ்சம், ஜில் தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும். பிசைந்தார்கள். மெல்லிசாகத் தேய்த்து, மடித்து, திரும்பத் தேய்த்து மடிக்க வேண்டும். தேய்த்தார்கள். அப்போது அவள் குரல் இறங்கியது. “மாமா, ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவுல பிரிட்ஜ்ல அரை மணி வெக்கணுமாம். மூணு தடவை.” நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்தது போல் சின்ன எழுத்து. ஐயா, தாங்கள் பெரிய படிப்பு படித்தவர்கள். பதினைந்து நிமிடத்துக்குள் மூன்று அரை மணி எப்படி அடங்கும்? என் மல்லாட்டைக் கிடங்கில்கூட அப்படி அடக்க முடியாது.

வேறு வழியில்லை, பிரிட்ஜில் வைத்தோம். பிரிட்ஜ் எதிரில் நான் நின்றேன். கதவைத் திறந்து மாவைத் தொட்டுப் பார்த்தேன். மூடினேன். வாசலுக்கு ஓடி சூரியனைப் பார்த்தேன். உள்ளே வந்து மறுபடி மாவைத் தொட்டேன். “நீங்க தொறந்துக்கினே இருந்தா அது எப்படிங்க ஜில்லுனு ஆவும்? ஏன் இந்த பேஜாரு? போய் மாட்டைப் பாருங்க” என்று குசுமா துரத்தினாள். மாட்டைப் பார்த்தேன். மாடு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

இதற்குள் அன்னாசியைச் சின்னச் சின்னதாக நறுக்கி, கொஞ்சம் வெல்லம் போட்டுச் சுண்டவைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு பூரணம் செய்துவிட்டார்கள். வாசனை தெரு வரைக்கும் போனது. ‘மேலே முட்டை மஞ்சள் தடவவும், அல்லது தேன் தடவவும்’ என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டில் எதைத் தொட்டாலும் அக்கா விழுப்புரம் வரை நடந்தே போவாள். பத்மப்ரியா, “பால் தடவலாம் அத்தை, செவந்துடும்” என்று சமாளித்தாள். மூன்றாவது தடவை மாவு பிரிட்ஜுக்குள் போகும்போது வாசலில் ஆட்டோ சத்தம். அறிவுச்செல்வன் ஷேர் ஆட்டோ. அவன் எங்கள் ஊர்ப் பையன், கோயிலிலிருந்து அக்காவை ஏற்றி வந்திருந்தான். திரும்பத் திண்டிவனத்தில் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டான்.

அக்கா இறங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டிலை எடுத்தாள். மூக்கை நிமிர்த்தினாள்.

“இன்னாடா வாசனை?”

“சும்மா, அன்னாசிப் பழம்க்கா.”

“பழத்தை எவன்டா அடுப்புல வெப்பான்?”

“பேஸ்ட்ரிக்கா. முட்டை இல்ல. வெண்ணெயும் பேருக்குத்தான். உனக்குனு உன் மருமவ பண்றா.”

அக்கா பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தாள். ஐயா, அந்த மூடி திருகுகிற சத்தம் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. தின்பதற்கு வயிற்றில் இடம் வைக்கிறாள் என்று புரிந்துபோயிற்று. “எவ்ளோ நேரம் ஆவும்?” என்றாள். நான், “பதினஞ்சு நிமிஷம்” என்றேன். தங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதுதான்.

மாவைத் தேய்த்து, துண்டு போட்டு, பூரணம் வைத்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, பால் தடவி, ஓவனுக்குள் வைத்தாள் பத்மப்ரியா. அந்த ஓவன் பற்றி ஒரு வார்த்தை. ஜீவராஜ் தள்ளுபடியில் வாங்கி அனுப்பியது. இத்தனை நாளும் அதில் நாங்கள் அப்பளம் போட்டு வைத்திருந்தோம், நமத்துப் போகாமல் நன்றாக இருந்தது. அப்பளத்தை வெளியே எடுத்து, ஓவனைத் துடைத்து, சுவிட்சைப் போட்டாள். உள்ளே சிவப்பாக எரிந்தது. எல்லாரும் பார்த்தோம். அணைந்தது. வீட்டில் பேன் நின்றது. தெருவில், “கரண்டு போச்சுடா!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“பதினஞ்சு நிமிஷம் ஆயிடுச்சாடா?” என்று வாசலிலிருந்து அக்கா கேட்டாள்.

“இதோ ஆவுதுக்கா.”

குசுமா என்னைப் பார்த்தாள். நான் குசுமாவைப் பார்த்தேன். எங்கள் கொல்லையில் மல்லாட்டை வறுக்கிற பெரிய இரும்புச் சட்டி இருக்கிறது, அதில் எப்போதும் மணல் இருக்கும். விறகை அடுக்கி மூட்டினாள். மணல் காய்ந்தது. நடுவில் பானை வைக்கிற இரும்புப் பிரிமனை, அதன் மேல் தட்டு, தட்டில் பேஸ்ட்ரி, மேலே அண்டாவைக் கவிழ்த்தாள், அண்டா மேல் நெருப்புக் கங்கு. மல்லாட்டைக்கு அந்தச் சட்டியில் எந்த நேரம் எந்தச் சூடு என்று எங்களுக்குத் தெரியும். பேஸ்ட்ரிக்குத் தெரியாது. குனிந்து மோந்து மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தேன். வாசலில் சூரியன், கொல்லையில் பேஸ்ட்ரி. ஒன்று இறங்குகிறது, ஒன்று எழும்ப மாட்டேன் என்கிறது.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு பாறை மலை. மற்ற ஊர்க்காரர்களுக்குப் பொழுது போவதற்கு முன்னாலேயே எங்களுக்குப் பொழுது போய்விடும். மலைக்குப் பின்னால் சூரியன் ஒளிந்துகொள்வான். சூரியன் மலையைத் தொட்டான். பாதி போனான். முழுசாகப் போனான். அதே நேரம் குசுமா கொல்லையிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பேஸ்ட்ரி பொன்னாக இருந்தது ஐயா. ஏடு ஏடாகப் பிரிந்து, ஓரத்தில் அன்னாசிச் சாறு பொங்கி நின்றது. அக்கா அதைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

“பொழுது போயிடுச்சுடா நேமி. அன்னைக்கும் இதே கதை. இன்னைக்கும் இதே கதை.”

“போவலை பெரியத்தை, போன்ல இன்னும் நேரம் காட்டுது பாருங்க” என்று பத்மப்ரியா போனை நீட்டினாள்.

“அப்ப போனையே திங்கச் சொல்லு. என் கண்ணுக்குச் சூரியன் தெரியணும்.”

“அண்ணி, மலைதான் மறைக்குது. மலைக்கு அந்தாண்ட பகலுதான்” என்றாள் குசுமா.

“அந்தாண்ட இருக்கறவங்க தின்னட்டும். நான் இந்தாண்ட இருக்கேன்.”

அப்போதுதான் ஆட்டோவில் சாய்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அறிவுச்செல்வன் தலையை நீட்டினான். “நயினாரே, வெயிலுதானே வேணும்? திண்டிவனம் பக்கம் போகப் போக மலை சின்னதா ஆயிடும். மேம்பாலத்து மேல ஏறிட்டா சூரியன் நல்லா தெரியும். டெய்லி என் கண்ணைக் கூசுதே!” என்றான். நான் யோசிக்கவே இல்லை. குசுமா கையிலிருந்த பேஸ்ட்ரியை எவர்சில்வர் டப்பாவில் கொட்டினேன். “அக்கா, ஏறு. எப்படியும் பஸ்ஸுக்குப் போவணும் இல்ல, ஏறு” என்றேன். “ஜல்தியா போடா அறிவு!” என்றேன்.

ஐயா, சூரியனைத் துரத்திக்கொண்டு யாராவது கிழக்கே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் போனோம். ஆட்டோ குலுங்குகிறது, டப்பா என் மடியைச் சுடுகிறது, அக்கா பின்பக்க ஓட்டை வழியாக மேற்கே திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். “தெரியுதாக்கா?” “இல்ல.” “இப்ப?” “இல்லடா.” கொஞ்ச தூரம் போனதும், “டேய், ஒரு ஓரம் தெரியுது!” என்று கத்தினாள். நான் டப்பாவைத் திறப்பதற்குள் ஒரு லாரி குறுக்கே வந்தது. லாரி போனதும் ஒரு புளியமரம் வந்தது. “மரத்தைத் தாண்டுடா!” என்று என் அக்கா, இந்த வயசில், ஆட்டோக்காரனை விரட்டுகிறாள். ரயில்வே மேம்பாலத்தின் மேல் ஏறி அறிவுச்செல்வன் ஓரம் கட்டினான். திரும்பிப் பார்த்தால், தட்டு மாதிரி சூரியன், மலைக்கு மேலே, எங்களுக்காகவே நின்றுகொண்டிருந்தான்.

அக்கா ஒன்றை எடுத்தாள். ஊதக்கூட இல்லை. அப்படியே வாயில் போட்டாள். “ஆ... ஆ...” என்றாள். கண்ணில் தண்ணி. அன்னாசிப் பூரணம் உள்ளே தீயாக இருந்திருக்கிறது. துப்பவும் முடியாது, அது உணவுக்குச் செய்கிற பாவம். விழுங்கவும் முடியவில்லை. கையை விசிறிக்கொண்டு பாலத்தின் மேல் குதித்தாள். பைக்கில் போன ஒருத்தர் நிறுத்தி, “அம்மாவுக்கு இன்னா ஆச்சு? ஆம்புலன்ஸ் கூப்புடவா? முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்லிங்க, சாப்புடறாங்க” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அக்கா விழுங்கி முடித்தாள். இரண்டாவதை எடுத்தாள். அதையும் தின்றாள். சூரியன் போனான்.

நான் குதித்தேன். “அக்கா! தின்னுட்ட! என் வூட்டுச் சாப்பாட்டைத் தின்னுட்ட!” என்றேன். அவள் தண்ணி பாட்டிலைக்கூடத் திறக்க முடியாது, பொழுது போய்விட்டது. வெந்த நாக்கோடு சொன்னாள்: “சாப்பாடு உன் வூட்டுதுடா. எடம் கவர்மெண்டுது. நான் உன் வூட்டுல கை நனைக்கலை.”

“இது என்னாக்கா நியாயம்? என் டப்பா, என் கை...”

“பாலம் உங்க அப்பன் கட்டினதா?”

அவள் அப்பனும் அதே அப்பன்தான் என்பதைச் சொல்லத் தோன்றவில்லை. பஸ் ஏறி விழுப்புரம் போய்விட்டாள். ஜன்னலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சம் இருந்ததை அறிவுச்செல்வனிடம் கொடுத்தேன். இருட்டிவிட்டது, எங்களுக்கு ஆகாது, நாளைக்கு வைத்திருந்தால் பழசு, அதுவும் ஆகாது. அவன் பாலத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டு, “சூப்பரா கீது நயினாரே, இன்னா ஒண்ணு, கொஞ்சம் வெண்ணெய் சேத்திருக்கலாம்” என்றான். வீட்டு வாசலில் குசுமா நின்றிருந்தாள்.

“தின்னாங்களா?”

“தின்னாங்க.”

“இங்கயா?”

“பாலத்துல.”

“அப்ப தின்னலை” என்று உள்ளே போய்விட்டாள். மாவு ஒட்டின கையைக்கூடக் கழுவவில்லை.

இதுதான் ஐயா இன்றைக்கு நடந்தது, தூக்கம் வராமல் ராத்திரியே எழுதுகிறேன். போட்டோக்காரரை மன்னித்தேன், கரண்டை மன்னித்தேன், மலையை ஒன்றும் செய்ய முடியாது. தங்கள் கடிகாரத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. காலையில் ஆரம்பியுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தால் என் அக்கா என் வீட்டில் உட்கார்ந்து, ஊதி, ஆற வைத்துத் தின்றிருப்பாள். ஆகவே திருத்தம் போட வேண்டும். பெரிய எழுத்தில் போட வேண்டும். போடாவிட்டால் இனி தங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுப் படி ஏறாது, பழைய இதழ்கள் எல்லாம் மல்லாட்டைப் பொட்டலம் கட்டப் போகும்.

கோபத்தில் எழுதினாலும் குறை மனசு கிடையாது. தாங்களும், குறிப்பு கொடுத்த அம்மாளும், தங்கள் அலுவலகத்துப் பெரியவர் சிறியவர் எல்லாரும் அருகன் அருளால் பொழுதோடு சாப்பிட்டு, பொழுதோடு தூங்கி, கூடப் பிறந்தவர்களோடு சண்டை இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நொந்த மனசோடு,
நேமிநாதன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குக் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது, விடிந்தும் விடியாமலும் வாசலில் அறிவுச்செல்வன் ஆட்டோ. முதல் பஸ் பிடித்து அக்கா வந்திருக்கிறாள். நாற்காலியில் உட்காரவில்லை. நேரே உள்ளே வந்தாள். “நேத்து சூட்டுல நாக்கு வெந்ததுதான் மிச்சம், ருசியே தெரியலடா. புதுசா பண்ணச் சொல்லு. நான் இருந்து பாத்துத் தின்னுட்டுப் போறேன்” என்றாள். குசுமாவுக்கு ஓடுவதா உட்காருவதா தெரியவில்லை. முறத்தை எடுத்தாள். மாவைச் சலித்தாள். வண்டு வந்தது, நடந்தாள். பிசைந்தாள். பிரிட்ஜில் வைத்தாள். அக்கா சமையல்கட்டிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை மாவு உள்ளே போனபோது, “இன்னும் எவ்ளோ நேரம்டி?” என்றாள். “இன்னும் ஒரு மடிப்பு இருக்குது அண்ணி, அப்புறம் வேவணும்” என்றாள் குசுமா. அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தாள். எனக்குக் கேப்பை அடை தட்டிக்கொண்டிருந்தாள் பத்மப்ரியா. அக்கா அடுப்பைப் பார்த்தாள். பிரிட்ஜைப் பார்த்தாள். “பசி காதை அடைக்குதுடி. அந்த அடையில ரெண்டு போடு. மல்லாட்டை சட்னி இருக்குதா?” என்றாள். ஐயா, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் வீட்டில், என் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து நான்கு தின்றாள். தின்று முடித்துக் கை கழுவும்போதுதான் என்ன செய்தாள் என்பது அவளுக்கே தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னாடா பாக்கறே?” என்றாள். நான் கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினேன். பேஸ்ட்ரி வெந்து வெளியே வரும்போது அவள் வயிற்றில் இடம் இல்லை, மத்தியானத்துக்கு மேலே தின்கிறேன் என்று கூடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். திருத்தம் எதுவும் போட வேண்டாம். பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாகவே இருக்கட்டும், இன்னும் யார் யார் வீட்டில் யார் யார் பசியோடு உட்கார வேண்டியிருக்கிறதோ.